ஏரிக்கரையில் மிச்சமிருந்த செருப்பு

1998 டிசம்பரில் ஒரு ஞாயிறு. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நானும் மனைவி ஸ்டெல்லாவும் விவேக் நகரிலிருந்து கிளம்பினோம். மார்க்கெட்டில் பஸ் மாறிப் பன்னேருகட்டா, ஆளுக்கு ஆறு ரூபாய். அங்கிருந்து காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர். எண்பது கேட்ட ஆட்டோக்காரர் ஐம்பதுக்கு இறங்கிவந்தார்.

"அஞ்சே முக்காலுக்கு கேட் கிட்ட கடைசி வேன் சார். விட்டுட்டா நடைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி மூன்றரை. படகு விடும் ஏரி என்றதும் பாப்கார்ன், பலூன் என்று கற்பனை செய்திருந்தேன். தண்ணீர் கருப்பாக அசையாமல் கிடந்தது. நடுவே பட்ட மரங்கள் நின்றன. ஊருக்குள் இருக்கும் அல்சூர் ஏரியில் கொக்காவது இருக்கும், இங்கே ஒரு பறவை இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கூட்டிவந்தது நானாயிற்றே, வாயை மூடிக்கொண்டேன்.

பெடல் படகு நான்கு. அரை மணிக்கு முப்பது ரூபாய். படகுக்காரர் கெம்பண்ணா எல்லையோர அத்திபெலேக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார்.

"செருப்பைக் கரையில வரிசையா விடுங்க சார். எத்தனை பேர் தண்ணியில இருக்காங்கன்னு எனக்கு அதுதான் கணக்கு. டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடறாங்க, செருப்பை யாரும் விட்டுட்டுப் போறதில்லை."

நாலே காலுக்கு ஏரியின் நடுவில் இருந்தோம். பெடலை நிறுத்தியதும் ஓசையே இல்லை. அப்போது எதிர்க்கரை நாணலுக்குப் பின்னால் தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது. மூன்று நான்கு முறைதான்.

"யாரோ குளிக்கிறாங்க போல" என்றாள் ஸ்டெல்லா.

நான் திரும்பிப் பார்த்தேன். வளையம் வளையமாக அலை மட்டும் வந்தது. "மீனா இருக்கும்" என்றேன். நீச்சல் தெரியாதவனின் அவசரம், படகைக் கரைக்குத் திருப்பினேன்.

இறங்கியதும் ஈரக்காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தேன். செருப்பு கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஈரம்தான் காரணம் என்று நினைத்தேன்.

ஐந்து மணி. எல்லோரும் போய்விட்டார்கள், பனி இறங்கத் தொடங்கியிருந்தது. நான்கு படகையும் சங்கிலியில் பூட்டிய பிறகும் கெம்பண்ணா கரையிலேயே நின்றார். வரிசையில் ஒரு ஜோடி மிச்சம், பழுப்பு நிறம்.

"படகெல்லாம் வந்துடுச்சே, கிளம்ப வேண்டியதுதானே?" என்றேன்.

"ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க சார். போன வருஷம் இதே மாதிரி ஒரு ஜோடி கிடந்துச்சு. படகு எல்லாம் இருக்கேன்னு வீட்டுக்குப் போயிட்டேன். அந்த ஆளு படகே எடுக்காம நீந்தப் போயிருக்காரு. மறுநாள்தான் எடுத்தாங்க."

குனிந்து பார்த்தேன். இடது வாரில் வெள்ளை நூல் தையல். போன வாரம்தான் எங்கள் தெரு முனையில் தைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இது என்னுதுங்க. அவசரத்துல வேற யாருதையோ மாட்டிட்டேன்."

கெம்பண்ணா சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"அப்போ இது யாருது சார்?"

அந்தச் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்தேன். ஸ்டெல்லாதான் நாணலைக் காட்டிச் சத்தம் கேட்ட விஷயத்தைச் சொன்னாள். அவர் எங்களைத் திட்டக்கூட இல்லை. கேட்டில் இருந்த காவலரைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே சங்கிலியை அவிழ்த்தார். இருவரும் படகில் போய் நாணலுக்குள் மூங்கிலை விட்டுத் துழாவினார்கள். இருட்டும்வரை ஒன்றும் அகப்படவில்லை. வேன் போய்விட்டிருந்தது. ஐந்து கிலோமீட்டரும் நடந்தோம்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். பெடல் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். செருப்பு வரிசையின் கடைசியில் அந்த ஜோடி இருந்தது. நாய் இழுக்காமலிருக்க மேலே ஒரு கல்.

"மறுநாளும் தேடினோம், ஒண்ணுமில்லை. யாரும் கேட்டும் வரலை சார்" என்றார் கெம்பண்ணா. "தினம் அதைக் கழிச்சுட்டுத்தான் எண்ணுறேன்."

விவேக் நகரில் எங்கள் வாசலில் எப்போதும் நாலைந்து ஜோடி கிடக்கும். இப்போதெல்லாம் கதவைச் சாத்துமுன் எண்ணிப் பார்க்கிறேன். சரியாக இருந்தாலும், உடனே தாழ்ப்பாள் போடக் கை வருவதில்லை.