ஆளில்லாத இடங்களும் ஒரு ‘வாரேனுங்க’வும்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கரண்ட் போய் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, லிஃப்ட் இருக்கும் வீட்டில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் ஒரு தடவையாவது நடந்திருக்கும். ஆனால் எனக்குத் துணையாக உள்ளே இருந்தது ஒரு மெத்தை. எதிர்வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் சொல்லிவைத்து வாங்கிய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி அணைத்துக்கொண்டு நின்றார். அவரைவிட மெத்தை பெரிது. ஃபேன் நின்றதும் அந்தச் சின்னப் பெட்டி முழுக்கப் பஞ்சு வாசனை.

“பயப்படாதீங்க மேடம், இப்ப வந்துரும்” என்றார் மெத்தைக்குப் பின்னாலிருந்து. பயமெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டே கதவு இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டேன். ஜெனரேட்டர் ஓடிக் கதவு திறந்ததும், எந்த மாடி என்றுகூடப் பார்க்காமல் வெளியே பாய்ந்தேன். ஐம்பதை நெருங்கும் பெண்மணி ஒருத்தி அப்படிப் பாய்வது பார்க்க அவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

பஞ்சு வாசனை என்றால் உங்களுக்குத் தூக்கம் ஞாபகம் வரலாம். எனக்கு வருவது பிலோமினா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அவளும் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஆபீஸில் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தோம். நான் தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அவள் கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள், சர்ச்சுக்குப் பின்னால் வீடு, அம்மாவும் அவளும் மட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிறுக்கு இருந்தது. ஆளில்லாத இடங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது. அவளிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பிவிடுவோம். வாரா வாரம் துணி எடுக்கப் போய் ஒரு கர்ச்சீப்கூட வாங்காமல் திரும்புகிறவர்களை அவள் அம்மா எப்படி நம்பினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பாழடைந்த இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை, அதுதான் விசேஷம். எங்கள் பக்கத்து மனிதர்கள் தங்கமானவர்கள். வாய் நிறைய ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். ஆனால் அந்த மரியாதையோடு சேர்த்து மூன்று கேள்வி கேட்பார்கள். எந்த ஊருங்க, யாரு ஊட்டுப் புள்ளைங்க, கல்யாணம் ஆயிருச்சுங்களா. பஸ்ஸில், பேக்கரியில், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருக்கும்போதுகூட. ஹாஸ்டல் வார்டன் கேட்டார். ஆபீஸில் மானேஜர் கேட்டார். ஊருக்குப் போனால் அதே கேள்வியை உறவுக்காரர்கள் அழுத்திக் கேட்டார்கள். எனக்கு மூச்சுமுட்டும். இடிந்த சுவர் கேட்காது. அதனிடம் நான் யாராகவும் இல்லாமல் நிற்கலாம்.

எங்களுக்கென்று தரவரிசை இருந்தது. பேய் பங்களாக்களுக்குக் கடைசி இடம். பேய் இருப்பதாகப் பேர் வாங்கிவிட்டால் அங்கே மனிதக் கூட்டம் சேர்ந்துவிடும். இடிந்த கோயில்களும் சரிப்படாது, எப்படியும் யாராவது விளக்குப் போட வந்து, எந்த ஊருங்க என்று ஆரம்பிப்பார்கள். தாராபுரம் பாதையில் மூடிக்கிடந்த ஒரு சினிமாக் கொட்டகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூரை போய், திரை இருந்த சுவரில் வெயில் விழுந்துகொண்டிருக்கும். தரை டிக்கெட் பக்கம் உட்கார்ந்து அந்த வெயிலையே படம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆள் போன ரயில்வே குவார்ட்டர்ஸ் பிலோமினாவுக்குப் பிடிக்கும். சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி, அடுப்பு மேடைக்கு மேலே கரி, கதவு நிலையில் குழந்தையின் உயரத்தைக் குறித்த கோடுகள். “பாரு புள்ள, இது வளந்துட்டே வந்து இங்க நின்னுபோச்சு. மாத்தலாயிட்டாங்களாட்ட” என்று கதை கட்டுவாள். ஆனால் இருவருக்கும் முதலிடம் மூடிய நூல் மில்தான். அந்த அளவுக்குப் பெரிய மௌனம் வேறெங்கும் கிடையாது.

பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அப்படி ஒரு மில் இருந்தது. பங்காளிச் சண்டையில் கேஸ் நடந்துகொண்டிருந்ததால் விற்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் கிடந்தது. அதற்கு ஒரு வயசான வாச்மேன். போனதும் மூன்று கேள்வியும் கேட்டார், தப்பவில்லை. பதில் திருப்தியாக இருந்திருக்க வேண்டும்.

“நல்லாப் பாருங்க அம்மணி. பொழுதோட நான் மாடு கறக்க ஊட்டுக்குப் போயிருவேனுங்க. காலைலதான் வருவேன். நீங்க போறப்ப கேட்டைச் சாத்திப்போட்டுப் போங்க” என்றார்.

ஆடி மாசக் காற்று. அந்தப் பக்கத்துக் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், பேசுகிற வார்த்தை பக்கத்து ஊரில்தான் போய் விழும். மில் முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியாகப் பஞ்சு குடோனுக்குள் போனோம். பிலோமினாவுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு, தூசி ஆகவே ஆகாது. நான் வாசலில் தயங்கினேன். “வருசக்கணக்கா மூடிக்கெடக்குது, பஞ்சு எங்கிருந்து வரும்? வா புள்ள” என்று அவள் முன்னால் போனாள். எப்போதும் அவள்தான் முன்னால் போவாள். உள்ளே மூலையில், இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பேல்கள் எலி கடித்துப் பிரிந்து கிடந்தன. பழுத்துப் போன பஞ்சு. ஒரு காற்று வந்தது. தகரம் அடித்த பெரிய கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளிப்பக்கத்துக் கொண்டி தானாக விழுந்து மாட்டிய சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் முதலில் சிரித்தோம். பிறகு தள்ளினோம். தோளால் இடித்தோம். கதவு அசையவில்லை, மேலே கம்பிவலை போட்ட ஜன்னல் எட்டாத உயரத்தில் இருந்தது. அவளுடைய இன்ஹேலர், செல்போன், எல்லாம் ஸ்கூட்டர் டிக்கியில். என்னிடம் அப்போது செல்போனே கிடையாது.

ஜன்னலைப் பார்த்து நான் கத்தினேன். “அண்ணா! கதவு மாட்டிக்கிச்சுங்க! வாங்க!”

காற்றுக்கு நடுவே தூரத்திலிருந்து வாச்மேன் குரல் கேட்டது. “வாரேனுங்க அம்மணி!”

“வாங்கண்ணா, வாங்க!” என்று பிலோமினாவும் கத்தினாள்.

“வாரேனுங்க!”

அப்பாடா என்று ஒரு பேலின்மேல் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் பஞ்சுத் தூசி குப்பென்று கிளம்பியது. ஆள் வருகிறார், இனி என்ன என்று அதையும் சிரித்துத் தட்டிவிட்டோம். காத்திருந்தோம். கேட் கிரீச்சிட்டது. சைக்கிள் பெல் ஒருமுறை அடித்தது. அது கிட்டே வரவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள், அது அபசகுனம். வருகிறவனும் ‘வாரேன்’ என்பான், போகிறவனும் ‘வாரேன்’ என்பான். அவர் பால் கறக்கக் கிளம்புகிறவர், விடை சொல்லியிருக்கிறார். நாங்கள் வாங்க வாங்க என்று விடை கொடுத்திருக்கிறோம். நான் கத்தியதில் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

“அவரு போயிட்டாருடி” என்றேன்.

பிலோமினா இருமினாள். இருமல் நின்றபோது அந்தச் சத்தம் ஆரம்பித்திருந்தது, நெஞ்சுக்குள் விசில் மாதிரி. அவளை வாசலுக்கு இழுத்துப்போய்க் கதவின் இரண்டு பலகைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவள் வாயை வைக்கச் சொன்னேன். விரல் நுழையாத அந்த இடுக்கு வழியாக அவள் மூச்சை உறிஞ்சினாள். நான் கையில் கிடைத்த கம்பியால் கதவை நெம்பினேன், தட்டினேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவள் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கியது. உதடு கறுத்தது. பாழடைந்த இடத்தில் நம்மைக் கேட்க யாரும் இல்லை என்பதுதான் என் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு யாராவது வந்து எந்த ஊருங்க என்று கேட்கமாட்டார்களா என்று நான் அழுதேன். என் கண் முன்னால் அவள் செத்துப்போகப் போகிறாள் என்று நிச்சயமாக நம்பினேன்.

வெளிச்சம் மங்கும்போது கதவுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பின்னாலேயே தயங்கித் தயங்கி அந்தக் குரல். “ஏனுங்க அம்மணி... இன்னும் உள்ளதான் இருக்கறீங்களா? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப்போட்டனுங்களா?”

இரண்டு கையாலும் கதவில் அறைந்தேன். கொண்டியைத் தூக்கியவர் பிலோமினாவின் முகத்தைப் பார்த்ததும் “ஐயோ சாமி” என்று அவளைத் தாங்கிக்கொண்டார். நான் அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூட்டருக்கு ஓடினேன். டிக்கி பூட்டை உடைக்காத குறைதான். இன்ஹேலரை இழுத்து, காத்திருந்து, மறுபடி இழுத்து, கடைசியில் அவள் தலையை நிமிர்த்தியபோது வாச்மேன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“வாரேனுங்கன்னா, செரி போய்ட்டு வாங்கன்னுதான சொல்லோணும்? நீங்க வெறும் ‘வாங்க, வாங்க’ன்னீங்க. அதும் வெரட்டற மாதர. புள்ளைங்க மனசு நோகற மாதர என்ன சொன்னமோன்னு பால் கறக்கவே கை ஓடலீங்க. கேட்டுப்போட்டுப் போயரலாம்னு வந்தேன்.”

ஒரு மரியாதைக் குறைச்சலைப் பொறுக்காத மனசு அவருக்கு இருந்தது. அதனால் அவள் பிழைத்தாள்.

திரும்பும்போது நான் ஸ்கூட்டர் ஓட்டினேன். “அம்மாகிட்டச் சொல்லிப்போடாத” என்றாள் பின்னாலிருந்து. நான் சொல்லவில்லை. ஆனால் அவள் பின்னல் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை, அவள் அம்மா பார்த்துவிட்டார்.

அவள் அம்மாவைப் பற்றி நான் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பை என் தட்டில் அவர் ஊற்றும்போது “கண்ணு, எலும்பை உட்டுப்போடாத, உறிஞ்சு” என்பார். “ஹாஸ்டல்ல உனக்கு என்னத்தப் போடறாங்க, இப்புடி ஒடைஞ்சு போயிருக்கற” என்பார். என் சொந்த அம்மாகூட என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் பெண்பிள்ளையைக் கொஞ்சுவது வழக்கம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்றிரவே மறுபடி இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பிலோமினா, வீட்டுக்குத் திரும்பி உள்ளறையில் படுத்திருந்தாள். அம்மா கதவைத் திறந்தார்.

“வாங்க” என்றார். “உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். யார் யாரைக் கூட்டிப்போனது என்று கேட்டிருந்தால், நானாக எதையும் சொல்லாவிட்டாலும், உள்ளேயிருந்து அவளாவது சொல்லியிருப்பாள். அவர் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்து, எதிரே கைகட்டி உட்கார்ந்து, “ஊர்ல எல்லாரும் சௌக்கியங்களா?” என்றார். “அவ தூங்கறாளுங்க” என்றார். உள்ளே இருமல் கேட்டது. எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அந்த ‘ங்க’வுக்கு ஜன்னலும் இல்லை, இடுக்கும் இல்லை.

பிலோமினா வேலையை விட்டுவிட்டாள். கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் அனுப்புவாள், நானும் அனுப்புவேன். கேஸ் முடிந்து மில்லை இடித்து வீட்டுமனை போட்டுவிட்டார்கள். சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த இடம் கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டது. கோயமுத்தூரில் இப்போது பாழடைந்த இடம் ஒன்றைப் பார்க்கப் போனால், அதை வாங்கக் கையில் பணத்தோடு பத்துப்பேர் நமக்கு முன்னால் நிற்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தச் சர்ச் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. நான் நின்றதை நிழலாக உணர்ந்து முகத்தைத் தூக்கினார்.

“யாரு கண்ணு?” என்றார்.

நான் ஒரு அடி கிட்டே போனேன்.

“வெயில்ல நிக்காத. இப்புடி வந்து உக்காரு. யாரு ஊட்டுப் புள்ள நீ?”

வாழ்நாள் முழுக்க நான் ஓடி ஒளிந்த கேள்வி. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். பெயரைச் சொன்னால் கையை விட்டுவிட்டு, வாங்க என்பார். “சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க” என்றேன், குரலை மாற்றிக்கொண்டு. “செரி கண்ணு” என்றார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து வந்தேன். இன்னொரு நாள் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், காம்பவுண்டுக்குள் புல் முளைத்துவிட்டது. ஒரு காலத்தில் அப்படிப்பட்ட வீட்டைக் கண்டால் நானும் பிலோமினாவும் வண்டியை நிறுத்தியிருப்போம். இப்போது அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகிறேன். பெயரைச் சொல்லலாம் என்று துணிவு வந்திருக்கிறது. கேட்கத்தான் அங்கே ஆளில்லை.