மேங்க்

என் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் ரப்பர் ஷீட் உருளைக்குள் போனபோது எனக்குப் பத்து வயது. மலாயாவில் காம்பாருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். கட்டுப் பிரித்த அன்று ஸ்காட்லாந்துக்காரத் துரை அந்தக் கையைப் பார்த்து "மேங்க்" என்று ஏதோ சொன்னார். கூட நின்ற கிராணி, தோட்டத்துக் கணக்குப் பார்ப்பவர், சிரித்தார். மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது அப்பாவின் பெயருக்குப் பதில் "மேங்கு" என்றார். அப்பா "ஐயா" என்று முன்னால் வந்தார்.

அதுவே நிலைத்துவிட்டது. பள்ளியில் நான் மேங்கு மகள். துரை செல்லமாக வைத்த பேர் என்று கிராணி சொல்லியிருந்தார், அப்பா நம்பினார். அவர் செத்த அன்றும் "மேங்கு போயிட்டாரு" என்றுதான் லயத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

ஆங்கில அகராதிகளில் தேடிப் பார்த்து விட்டுவிட்டேன். ஈப்போவில் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஸ்காட்லாந்து மொழிக்கென்று தனி அகராதி இருப்பது தெரிந்தது. அதில் இருந்தது. பழைய சொல். ஊனமாக்குவது, சிதைப்பது. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். லத்தீனில் கை ஊனமானவனைக் குறித்த சொல். பக்கம் கிழிந்த புத்தகத்துக்கும் பிற்பாடு அதையே சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, மூளிக்கையா என்று தினமும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவும் தினமும் பதில் சொல்லியிருக்கிறார். துரை எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். கிராணி இருந்தார், இதே ஈப்போவில். அவர் பேத்தி என் மாணவி. அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு அழைத்தாள். போனேன்.

"யாரு மக நீ?" என்றார்.

"மேங்கு மக."

முகம் மலர்ந்தது. "அட, நம்ம மேங்கு!"

"அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா ஐயா?"

"தெரியுமே. துரை அன்னைக்கே சொன்னாரு. கை மூளின்னு."

தெரியாமல் செய்திருப்பார் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல. அது அங்கேயே முடிந்தது.

"எங்கப்பா பேரைச் சொல்லுங்க ஐயா."

வாயைத் திறந்தார். வரவில்லை.

"செக்ரோல்ல தினமும் ஆள் பேர் எழுதினீங்களே. யோசிங்க."

அவர் மகள் என் தோளைத் தொட்டார். "டீச்சர், அப்பாவுக்கு வயசாச்சு லா."

"மேங்கு ஞாபகம் இருக்கே அக்கா."

கேக் வெட்டும்வரை இருந்தேன். கத்தியைப் பிடித்தபடி அவர் என்னையே பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன்.

அடுத்த வாரம் அவர் மகள் போன் செய்தார். "சாப்பிட உக்காந்தா அந்தப் பேரையே கேக்குறாரு. சொல்லிடுங்க டீச்சர்."

"அவரே யோசிக்கட்டும்" என்று வைத்துவிட்டேன். பிறகு இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை.

போன மாதம் கிராணி இறந்தார். நான் போகவில்லை. "பேரைச் சொல்லியிருக்கலாம்" என்றார் என் கணவர். சொல்லியிருக்கலாம்தான். மனசு வரவில்லை. இன்னும் வரவில்லை.