ஜவ்வரிசி போலவே இருந்த உருண்டைகள்

என் நான்கு வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, வளர்ச்சியும் தாமதம். நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் விளையாட்டு, வேகவைத்த ஜவ்வரிசியைத் தாம்பாளத்தில் அளைவது. வாயில் போட்டாலும் பயமில்லை. "அம்மாவுக்கு?" என்று கை நீட்டினால் என் உள்ளங்கையில் வைப்பான்.

சென்ற மாதம் வடலூர் கடையொன்றில், தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண உருண்டைகளை, "ஸ்பெஷல் குழந்தைங்களுக்கு ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லி விற்றார்கள். நம்பி வாங்கினேன். தாம்பாளத்தில் கொட்டியதுமே ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டான். அவனுக்கு அதுவும் ஜவ்வரிசிதானே! கையை நீட்டி "அம்மாவுக்கு?" என்றேன். என் கையில் துப்பிவிட்டான். விழுங்கியிருந்தால் குடலில் ஊதி அடைத்திருக்கும் என்றார் டாக்டர்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"புள்ளைய நீங்கதான் பாத்துக்கினு இருக்கணும், மேடம். நாங்களா வாயில போடச் சொன்னோம்?"

"போடக் கூடாதுன்னும் சொல்லலியே! வயிறு வலிச்சா அவன் எப்படிங்க சொல்லுவான்?"

அவர் அடுத்தவருக்கு அதே பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

தப்பு என்னுடையதோ என்று இன்னும் குழம்புகிறேன். ஆனால் 'ஸ்பெஷல்' என்று சொல்லி விற்பவருக்குப் பொறுப்பே இல்லையா? இப்போது, விழுங்கினால் என்னாகும் என்று கேட்காமல் எதையும் வாங்குவதில்லை. தாம்பாளத்தில் மறுபடி ஜவ்வரிசிதான். "அம்மாவுக்கு?" விளையாட்டை மட்டும் ஒருநாளும் விடுவதில்லை.