குடைக்குள்ளிருந்து பார்த்த மதுரை

என் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. பிரம்புப் பிடி. பிடி வளைகிற இடம் கை பட்டுப் பட்டு மினுமினுப்பு ஏறியிருக்கிறது. உள்பக்க ஓரத்தில் வெள்ளை நூலால் ஓர் எழுத்துத் தைத்திருக்கும். அது என் பெயரின் எழுத்து அல்ல. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் மருமகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதைப் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுறவா?" என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு அரைநாள் வேலை கெட்டிருக்கும்.

அது என் அத்தையின் குடை. அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றை அறை எடுத்துத் தனியாகக் குடியிருந்தாள். நாங்கள் இருந்தது திருவாதவூரில். அப்பா அங்கே எங்கள் சபைக்கு உபதேசியார். கிறிஸ்துமஸ் லீவுக்கு அத்தை வரும்போது முதலில் ஆள் தெரியாது. வரப்பின் மேல் கறுப்பாக அந்தக் குடைதான் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை குடை பிடித்து நடந்தால் டீச்சர் என்று அர்த்தம். மற்றப் பெண்களுக்கு முந்தானைதான் குடை. முதல் சம்பளத்தில் வாங்கினது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். நானும் டீச்சராகி, முதல் சம்பளத்தில் இதே மாதிரி ஒன்று வாங்க வேண்டும் என்பது எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து ஆசை. குடையின் மேல் ஆசையா, அதைப் பிடித்துக்கொண்டு யார் துணையும் இல்லாமல் நடந்து வருகிற அந்த நடையின் மேல் ஆசையா என்று கேட்டால், இரண்டும்தான்.

மேலூரில் போர்டிங்கில் தங்கி எட்டாம் வகுப்பு பாஸ் செய்தேன். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின காலம் அது. எட்டு படித்திருந்தால் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்துவிடலாம். அத்தையே நேரில் வந்து அப்பாவிடம் பேசினாள். "பள்ளிக்கூடம் தெறக்கிறதுக்கு முந்தியே பிள்ளைய என்கூட அனுப்புங்கண்ணே. ஊரைச் சுத்திக் காட்டிட்டு, வெள்ளிக்கிழமை மிஸ்ஸியம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயி டிரெயினிங்ல சேத்து விட்டுர்றேன்." மிஸ்ஸியம்மா என்பது பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையை எடுக்காமலே "சரி" என்றார். இவ்வளவு லேசாகச் சம்மதித்துவிட்டாரே என்று நான் அடுப்படியில் நின்று குதிக்காத குறைதான். அவர் ஏன் தலையை எடுக்கவில்லை என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

மதுரை என்றாலே செலவு என்று எங்கள் ஊரில் நடுங்குவார்கள். மூச்சு விடுவதைத் தவிர மற்றதெல்லாம் அங்கே காசு, அசந்தால் அதற்கும் கேட்பான் என்பார் அப்பா. அத்தையின் சம்பளமோ வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். ஆனாலும் அந்த ஊரை அவள் அனுபவித்த மாதிரி மாடிவீட்டுக்காரர்கள்கூட அனுபவித்திருக்க மாட்டார்கள். "வாங்கப் போனாத்தான் தாயி காசு. பாக்கிறதுக்குக் கண்ணு இருந்தாப் போதும்" என்பாள். காலையில் ஒரு தகர டப்பாவில் புளிச்சோற்றை அடைத்துக்கொண்டு கிளம்புவோம். ரயில் பார்க்க வேண்டுமா? பிளாட்பார டிக்கெட் எதற்கு, பாலத்தின் மேல் நின்றால் எஞ்சினுக்குள் எரிகிற நெருப்பே தெரியும். பாட்டுக் கேட்க வேண்டுமா? டவுன்ஹால் ரோட்டில் கிராமபோன் கடை வாசலில் நின்றால் போதும். கடைக்காரரின் மகள் அத்தையிடம் படித்தவள் என்பதால், "டீச்சர் வந்திருக்காங்க, நல்ல பிளேட்டாப் போடு" என்று உள்ளே குரல் கொடுப்பார். நாங்கள் கோவிலுக்குள் போகிறவர்கள் இல்லை. அதனால் என்ன, நாலு கோபுரத்தையும் நாலு வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். புது மண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசையாகக் கடகடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பாத்திரக் கடைகளைச் சுற்றி வந்தோம். என்ன வேணும் என்று கேட்ட கடைக்காரனிடம், "சும்மா பாக்க வந்தோம்ப்பா" என்று அத்தை கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்.

இவ்வளவுக்கும் குடை என் தலைக்கு மேல்தான் இருந்தது. வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தையின் நெற்றியில் வேர்வை ஓடுகிறது, கழுத்து கறுத்துக் காய்கிறது. குடையை மட்டும் என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். "நீங்க பிடிங்க அத்தை" என்றால், "நீ சின்னப்பிள்ள, உனக்கு வெயிலு ஆகாது" என்பாள். வரப்பிலும் வயலிலும் வெயிலிலேயே வளர்ந்தவளுக்கு வெயில் ஆகாதாம்! அம்மாகூட என்னை அப்படித் தாங்கியதில்லை. அந்தக் குடைக்குள் நடந்தபோது, இவளைப் போல ஆகிவிட வேண்டும், இவளோடேயே இந்த ஊரில் இருந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

புதன்கிழமை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனோம். அப்போது அங்கே கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. வக்கீல்களும் கட்சிக்காரர்களும் போகிற வழியிலேயே நாமும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். முற்றத்துக்கு வந்ததும் அத்தை குடையை மடக்கினாள். வெயில் கொட்டுகிற இடத்தில் எதற்கு மடக்குகிறாள் என்று நினைத்தேன். கோர்ட்டுக்கு மரியாதை போலிருக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நாலு பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத தூண்களை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஓர் அம்மாளும் அவருடைய தங்கையும் எதிரே வந்தார்கள். "அடடே, நீங்க எங்கிட்டு இங்க?" என்று அத்தை அதிசயப்பட்டாள். அந்த அம்மாள், கண் சரியில்லை என்று சொல்லி, சுவரில் இருந்த போர்டைப் படிக்கச் சொன்னார். தமிழில் இருந்ததையும் இங்கிலீஷில் இருந்ததையும் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினேன். அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. டீச்சராகப் போகிறவள் படிக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பூரிக்கிறாள் என்று எனக்கு இரண்டு கொம்பு முளைத்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் தெப்பக்குளம். வெயில் முற்றாக இறங்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் குடை மறுபடி மடங்கியது. அங்கே ஒரு பெரிய அம்மாள் பேரன் பேத்திகளோடு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, "இதான் பொண்ணா?" என்று கேட்டார். அத்தை கண்ணைக் காட்டினாள். அந்த அம்மாளுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "நேத்து மகால்ல பாத்தவுகளுக்குப் பிடிச்சுப் போச்சாமே? இருந்தாலும் என்ன, நாங்களும் ஒரு பார்வை பாத்துருவோம்னுதான் வந்தோம்" என்று சொல்லி, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். "கிராமத்துப் பிள்ளைன்னாக, அம்புட்டுக் கறுப்பு ஒண்ணும் இல்லையே."

"வெயிலே படாமத்தான கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள் அத்தை.

அந்த வார்த்தையை என் காதால் கேட்டேன். கல்யாணப் பேச்சுகூட அப்புறம்தான் மண்டையில் ஏறியது. குடைதான் முதலில் நெஞ்சில் அடித்தது. நான் ஊர் பார்க்க வரவில்லை. ஊர் என்னைப் பார்க்க வந்திருக்கிறது. பார்க்கக் காசு வேண்டாம், கண் இருந்தால் போதும் என்றாளே, அது அவர்களுக்கும்தான். சந்தையில் மாட்டைப் பிடித்துப் பல்லைப் பார்க்கிறவன்கூட அதனிடம் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டி வருவதில்லை.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "நாளைக்கு மிஸ்ஸியம்மாகிட்டப் போறோம்ல?"

"அங்க போக வேண்டாம். நீ சேரலைன்னு போன வாரமே சொல்லிட்டேன். அந்த எடத்துக்கு வேற பிள்ளையச் சேத்துக்கிட்டாக."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எங்கண்ணேதான் மாப்பிள்ளை பாக்கச் சொன்னாக. பொண்ணு பாக்க வாராகன்னா நீ வீட்டை விட்டே கெளம்ப மாட்ட. ஊரு சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டு வாரேன்னு நான்தான் சொன்னேன்." ஒளிக்கவில்லை அவள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க மட்டும் டீச்சரா இருக்கலாம். நான் இருக்கக் கூடாதா?"

அத்தை நின்றுவிட்டாள். "நான் இருக்கிற இருப்பப் பாத்தேல்ல? போன மழைக்குக் காய்ச்சல்ல கெடந்தேன். ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளு இல்ல. கடைசி காலத்துல நாதியத்துக் கெடக்கணும். அது உனக்கு வேண்டாம் தாயி." சொல்லிவிட்டு, பழக்கத்தில் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தாள். பொழுது அடைந்துவிட்டிருந்தது. நான் விலகி, தெருவின் அந்தப் பக்கமாக நடந்தேன்.

மகாலில் பார்த்த இடமே முடிந்தது. மாப்பிள்ளை அந்தக் கோர்ட்டில் குமாஸ்தா. தூணுக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு என்னைப் பார்த்தவர். நல்ல மனுஷர், அதில் குறை சொல்ல மாட்டேன். "இவ மகாலைப் பாக்க வந்தா, நான் இவளைப் பாத்தேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவரைக்கும் சிரித்து வைப்பேன். அத்தை மாதத்துக்கு ஒரு தரம் வருவாள். மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் அவளோடு சேர்ந்து தெருவில் இறங்கி ஓர் அடி நடந்ததில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இப்போது மகாலுக்கு டிக்கெட் வைத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், முட்டி வலி என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த பிறகு, ஒரு கோடையில் அத்தைக்கு டைபாய்டு என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆள் இல்லாதவளாயிற்றே என்று கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சந்து முழுக்கப் பெண்கள். வாசலில் இருந்தவள் என்னை நிறுத்தி, "நீங்க யாரு?" என்று கேட்டாள். அண்ணன் மகள் என்றேன். "டீச்சருக்கு இப்பத்தான் பார்லித் தண்ணி குடுத்தோம். ராத்திரிக்கு வேற ரெண்டு பேரு வாராங்க" என்றாள். எல்லாரும் அத்தையிடம் படித்தவர்கள். பாதிப் பேர் இப்போது டீச்சர்கள். முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; உள்ளே கால் வைக்க இடம் இல்லை. கஞ்சிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அத்தனை வருஷம் அவள்மேல் இருந்த கோபம் அன்றைக்கு இரண்டு மடங்கு ஆனது. எதைச் சொல்லி என் வாழ்க்கையைத் திருப்பிவிட்டாளோ, அதுவும் நிஜம் இல்லையா? அவளைச் சுற்றி நின்ற அத்தனை பெண்களில் ஒருத்தியாக நான் இருந்திருக்கலாமே!

கடைசியில் வழிவிட்டார்கள். கேட்டுவிடுவது என்றுதான் பக்கத்தில் போனேன். அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "வெயில்லயா வந்த?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசினது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது உச்சிப் பொழுது. ஒரு பெண் அந்தக் குடையைக் கொண்டு வந்து, "நீங்கதான சொந்தம்" என்று என் கையில் கொடுத்தாள். பிறகு அவளும் மற்றவர்களும் அவரவர் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார்கள். தெரு முனை வரைக்கும் கறுப்புக் கறுப்பாகக் குடைகள் போய்க்கொண்டிருந்தன. நான் என் கையில் இருந்ததை விரிக்காமல், வெறுந்தலையோடு வீடு வரைக்கும் நடந்தேன்.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். "கையில குடைய வச்சுக்கிட்டு இப்படிக் கறுத்துப் போயா வருவ?" என்றார்.

"கறுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். அன்றைக்கு மாட்டினதுதான், இன்றுவரை அதை விரித்ததில்லை.