மாஸ்க்கை இறக்கியபோது கிடைத்த பதில்

கொரோனாவுக்காக மூடிய கல்லூரிகளை மறுபடி திறந்திருந்த நேரம். புதுக்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். முகக்கவசம் பற்றிய சுற்றறிக்கையை எழுதி ஒட்டி, எல்லோரும் அதன்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாணவரோ, ஆசிரியரோ, அலுவலக ஊழியரோ, யாராக இருந்தாலும் வளாகத்துக்குள் மாஸ்க் மூக்கை மூடியிருக்க வேண்டும். பாடம் நடத்தும்போதும் கழற்றக் கூடாது.

காலையில் கேட்டில் நின்று, "மூக்குக்கு மேல ஏத்துங்கப்பா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். உடன் வேலை பார்ப்பவர்களிடமும் அதையே சொல்லி, அவர்களுடைய முறைப்பையும் வாங்கிக்கொள்வேன். வகுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்திருந்ததால் ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்த வேண்டும். மாஸ்க்குக்குள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிடும். வீட்டுக்குப் போனால் யாரோடும் பேசவே பிடிக்காது.

முதலாம் ஆண்டில் ஒரு பெண். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் கேள்வி கேட்டால் பேசாமல் நிற்பாள், அல்லது சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்வாள். வகுப்பே சிரிக்கும். ஒருநாள் எரிச்சலில், "ஆன்லைன் கிளாஸ்ல தூங்கிப் பழகிட்ட. படிக்க இஷ்டம் இல்லைன்னா வீட்லயே இருந்துக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"சரிங்க மேம்" என்று தலையாட்டினாள். திமிர் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மதியம், லேப்புக்குப் பின்னால் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு தாளோடு வந்து சற்றுத் தள்ளியே நின்றாள். டிசி கேட்டு எழுதிய விண்ணப்பம். வகுப்புப் பொறுப்பாசிரியர் என்பதால் என் கையெழுத்து வேண்டுமாம்.

"எதுக்கும்மா இப்ப டிசி?"

கேட்ட உடனே பதில் சொன்னாள். அவளிடமிருந்து அப்படி எனக்கு வந்த முதல் பதில் அதுதான்.

"எனக்குக் காது சரியாக் கேக்காதுங்க மேம். எதுத்தாப்புல இருக்கவங்க வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன். ஸ்கூல்ல அப்படித்தான் படிச்சேன். இங்கிட்டு வந்ததுல இருந்து யாரு வாயும் தெரியல."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"கழட்டக் கூடாதுன்னு எழுதி ஒட்டி, கேட்ல நின்னு பாக்குறதே நீங்கதானே மேம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அன்னைக்கு நீங்க திட்டுனது கூட எனக்குத் தெரியாது. பக்கத்துல இருந்த பிள்ளைதான் அப்புறமா நோட்டுல எழுதிக் காட்டுச்சு" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. பழக்கத்தில் மாஸ்க்கை மேலே இழுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன். "மன்னிச்சிரும்மா" என்றேன். என் உதட்டையே பார்த்திருந்தவள், "பரவால்லங்க மேம்" என்றாள்.

கையெழுத்துப் போடவில்லை. முதல்வரிடம் அனுமதி வாங்கி, தினமும் கடைசி வகுப்பு முடிந்ததும் மைதானத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்து, மாஸ்க்கை இறக்கி, அன்றைய பாடத்தை மூன்றாவது தடவையாக அவளுக்கு நடத்தினேன். கண்ணாடி போலத் தெரியும் மாஸ்க் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். ஐந்தே நிமிடத்தில் மூச்சுக்காற்று படிந்து மங்கிவிட்டது. அவள் சிரித்துவிட்டாள். மற்ற ஆசிரியர்களிடம், முடிந்ததையெல்லாம் போர்டில் எழுதிப் போடுங்கள் என்று கேட்டேன். சிலர் எழுதினார்கள். ஒருவர், "இருக்கிற வேலையில இது வேறயா மேடம்?" என்று அலுத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போன வாரம் வரை நானும் அப்படித்தானே இருந்தேன்?

அவள் டிகிரி முடித்துவிட்டாள். பெரிய மார்க் இல்லை, ஆனால் முடித்தாள்.

அந்தச் சுற்றறிக்கை தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது தேவைதான். ஆனால் நான் களைத்துப் போயிருக்கிறேன் என்பதையே நினைத்துக்கொண்டு, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து தவித்தவளைத் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டினேனே, அது மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.