நாலு பால்கனி நட்சத்திரம்

நிறம் மாறும் எல்இடி விளக்கு என்றால் ஓடவும் செய்யும் என்று நம்பி வாங்கிவிட்டேன். தாம்பரத்தில் எங்கள் அடுக்ககத்தின் முதல் கிறிஸ்துமஸ் அலங்காரம் அது. நாலாவது மாடியிலிருந்து பால்கனி பால்கனியாக ஒளி இறங்கி, கீழே குடிலில் வந்து நிற்க வேண்டும். அதுதான் என் திட்டம்.

மாலையில் போட்டுப் பார்த்தால் நாலு சரமும் ஒன்றாகச் சிவந்தன, ஒன்றாக நீலமாயின. எதுவும் ஓடவில்லை. கீழே அதற்குள் அடுக்ககத்தார் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவமானத்தில் சரங்களை அவிழ்க்கப் போனேன்.

இரண்டாவது மாடி மீனா அக்கா தடுத்தார். "எதுக்கு சார் அவுக்குறீங்க? அது ஓடலைன்னா நாம ஓட வைப்போம். சுவிட்ச் அவங்கவங்க வீட்லதானே இருக்கு?"

மாடிக்கு ஒரு நிறம் வைத்தோம். வீட்டுக்கு ஒருவராகச் சுவிட்சில் விரல் வைத்து நின்றார்கள். குடில் விளக்கின் சுவிட்ச் என்னிடம். நான் கையை உயர்த்தி, "இப்போ!" என்று கத்தினேன்.

மேலே நீலம் மின்னி அணைந்தது. அடுத்து பச்சை, அடுத்து சிவப்பு, மஞ்சள். கடைசியில் என் குடில் வெள்ளையாய் ஜொலித்தது. கைதட்டல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

பைக்கை நிறுத்திய ஒருவர், "செமையா ஓடுது! எந்த கன்ட்ரோலர் சார்?" என்றார்.

பால்கனிகளில் எட்டிப் பார்த்துச் சிரித்த நாலு முகங்களைக் காட்டினேன்.

சரியான விளக்கை வாங்கியிருந்தால், அன்று நான் மட்டும்தான் ஜெயித்திருப்பேன்.