பள்ளிவாசல் அளவு

சப்பாத்துக் கடைக்காரனுக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது. அடுத்தவன் சொக்ஸை மோந்துகொண்டு நாள் முழுக்கக் குனிகிற என் இனத்தவரே, உங்களுக்குத்தான் இது.

ஒரு அளவு கூட

எங்கள் தில்லையடியில் பலர் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு அப்படியே நடக்கப் போவார்கள். பள்ளிவாசலில் கழற்றி மாட்ட லேசு என்று ஒரு அளவு கூட்டிக் கேட்பார்கள். கயிறு கட்டுவதில்லை. சப்பாத்தின் குதியை மிதித்தபடியே நடப்பு.

பாலாவி உப்பளத்தில் வேலைசெய்த, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ரபீக்கும் அப்படியே கேட்டான். அவனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. நடக்கச் சொன்ன டொக்டர், இன்னொரு புண் வந்தால் பெருவிரல் போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார். தொளதொள என்றிருந்தால் உரசும், கொப்புளம் போடும் என்றேன்.

"அல்லாஹ்வுக்கு முன்னால நிக்கப் போற மனுசன் கயிறு அவுத்துக்கொண்டா இரிக்கிற, நானா?"

வீங்கின கால்

பின்னேரம் வா என்று அனுப்பினேன். காலையில் கால் சிறுத்திருக்கும், அஸர் தொழுகைக்குப் பிறகு வீங்கும். வீங்கின காலுக்குத்தான் எடுக்கவேண்டும். வந்தான். ஓடுகிற சப்பாத்தை மாட்டிச் சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டான். கடலோரக் களப்புக் காற்று வாசலால் வந்தது. ஓடவா போகிறாய், கழற்று என்றேன். குதி தடிக்காத, விரலடியில் மடங்குகிற ஒன்றைக் கொடுத்தேன்.

"நுனி இறுக்குதா?"

"ஒண்டும் தெரியல்ல நானா, சோக்கா இரிக்கி."

கழற்றிப் பார்த்தேன். பெருவிரல் சிவந்து நசுங்கியிருந்தது. அந்தக் காலுக்கு உணர்ச்சியே இல்லை! தடித்த காகித மட்டையில் கால் வடிவை வரைந்து வெட்டினேன். மட்டை மடங்காமல் உள்ளே கிடந்து, முன்னால் ஒரு விரல் இடம் மிஞ்சிய சோடியை எடுத்து வைத்தேன். கயிற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"பெருவிரல் போனா சுஜூதுல எதை ஊன்றுவாய்?" என்று கேட்டேன்.

நெற்றியை நிலத்தில் வைக்கிறபோது ஊன்றுகிற அந்த விரலைத் தடவிப் பார்த்துவிட்டுக் காலை நீட்டினான்.

"சரி, கட்டுங்க நானா."

பனிக்குள்ளே

இப்போது விடியலில் களப்பு ஓரம் அவனைக் காண்கிறேன். தண்ணீர் எது, வானம் எது என்று பிரியாத நேரம். தூரத்தில் உப்புக் குவியல்கள் வெள்ளையாக மிதக்கும். முதலில் சப்பாத்துச் சத்தம் வரும், பிறகு காலிரண்டு வரும், ஆள் கடைசியாக வருவான். போன கிழமை நிறுத்தி, கழற்றிக் காட்டு என்றேன். பத்து விரலும் இருந்தன. புண்ணில்லை. கயிறு பழகிவிட்டதா என்று கேட்டேன்.

"அவுக்க நேரம் வேணுமெண்டு பாங்குக்கு முந்தியே பள்ளிக்குப் போறன் நானா. ஊரே என்னப் பெரிய தொழுகையாளி எண்டு கதைக்குது!"

ஒரு முழக் கயிற்றில் அவனுக்கு விரலும் மிஞ்சியது, நல்ல பேரும் கிடைத்தது. எனக்குத்தான் முதுகு இன்னும் நிமிரவில்லை.